நாமக்கல் முட்டைக்குக் கப்பல் வாடகை குறையுமா? சரக்குக் கப்பல்களுக்குத் திரும்பி வரும் காற்று

துபாயிலோ தோஹாவிலோ மஸ்கட்டிலோ வசிக்கும் நம் குடும்பங்கள் காலை உணவுக்கு உடைக்கும் முட்டை, பல நேரங்களில் நாமக்கல் பண்ணையிலிருந்து போனதாக இருக்கும். ஓமன், கத்தார், ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், மாலத்தீவு ஆகிய நாடுகளுக்கு இங்கிருந்து பல ஆண்டுகளாக முட்டை ஏற்றுமதியாகிறது. 2022இல் கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நடந்தபோது நாமக்கல் முட்டைக்குத் தேவை கூடியது பலருக்கும் நினைவிருக்கலாம்.

நாமக்கல்லுக்குக் கடல் கிடையாது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சாலை வழியே 300 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனாலும் கப்பல் வாடகை ஏறினால் அதன் சூடு நாமக்கல்லில் தெரியும். 40 அடி குளிரூட்டும் கண்டெய்னர் ஒன்றில் சுமார் 4 லட்சத்து 70 ஆயிரம் முட்டைகள் ஏற்றலாம். அந்தக் கண்டெய்னருக்கான வாடகை 1 லட்சம் ரூபாய் கூடினால், ஒரு முட்டைக்கு 21 காசு கூடுகிறது. பண்ணைக் கொள்முதல் விலையில் 5 காசு ஏறினாலும் இறங்கினாலும் செய்தியாகும் ஊர் இது. 21 காசு என்பது ஏற்றுமதி நடக்குமா நின்றுபோகுமா என்பதையே தீர்மானிக்கக்கூடிய தொகை.

இந்த நிலையில், கப்பல்களுக்கு மீண்டும் பாய் கட்டப் போகிறார்கள், எரிபொருள் செலவு குறையப் போகிறது என்ற செய்திகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. இதில் எவ்வளவு உண்மை? நம் பகுதிக்கு இதனால் ஏதாவது பயன் உண்டா?

ஏன் இப்போது காற்றைத் தேடுகிறார்கள்?

உலக வணிகச் சரக்கில் அளவின்படி 80 சதவீதத்துக்கு மேல் கடல் வழியாகவே போகிறது. இந்தக் கப்பல்கள் பெரும்பாலும் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்த பின் மிஞ்சும் கனமான ஃபர்னஸ் ஆயிலை எரித்து ஓடுபவை. உலகம் வெளியிடும் பசுமை இல்ல வாயுக்களில் ஏறத்தாழ 3 சதவீதம் கப்பல்களிலிருந்து வருகிறது.

ஐ.நா.வின் கீழ் இயங்கும் சர்வதேச கடல்சார் அமைப்பு, 2050ஐ ஒட்டிய காலத்துக்குள் இதை நிகர பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும் என 2023இல் இலக்கு வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி முன்னே போய், 2024 முதல் தன் துறைமுகங்களுக்கு வந்து போகும் பெரிய கப்பல்களிடம் கரியமில வாயுவுக்குக் கட்டணம் வசூலிக்கிறது. உலகம் முழுவதுக்கும் இப்படி ஒரு கட்டணம் கொண்டுவரும் திட்டத்தைக் கடல்சார் அமைப்பு 2025 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில், அதை இறுதி செய்வதை ஓராண்டு தள்ளிவைத்தது.

தள்ளிப்போனாலும் திசை மாறவில்லை. எரிபொருள் விலையோடு புகைக்கும் காசு கட்டும் காலம் வந்தால், அந்தச் செலவைக் கப்பல் நிறுவனம் தன் கையிலிருந்து போடாது. வாடகையில் ஏற்றும். அது சுற்றிச் சுற்றிப் பண்ணையாளரின் தலையிலும் வளைகுடாவில் முட்டை வாங்குபவரின் தலையிலும் வந்து விழும். மாற்று எரிபொருள்களான பசுமை அம்மோனியா, மெத்தனால் போன்றவை இப்போதைக்கு விலை அதிகம். காற்றுக்கோ விலை கிடையாது. அதனால்தான் எல்லோரும் அதன் பக்கம் திரும்பியிருக்கிறார்கள்.

நம் முன்னோர் அறிந்த காற்று

காற்றை நம்பிக் கடல் கடப்பது தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதல்ல. காயல்பட்டினம், கீழக்கரை, நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை ஆகிய ஊர்களின் மரக்காயர்கள் பல நூற்றாண்டுகள் பாய்மரக் கப்பல்களில் இலங்கைக்கும் மலாக்காவுக்கும் வணிகம் செய்தவர்கள். அரபு நாட்டிலிருந்து பாண்டிய நாட்டுக்குக் குதிரைகள் வந்து இறங்கிய காயல் துறைமுகத்தைப் பற்றி மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். கப்பலோட்டியைக் குறிக்கும் ‘மாலுமி’ என்ற நம் சொல், ‘முஅல்லிம்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் பருவக்காற்றுக்குச் சொல்லும் ‘மான்சூன்’, பருவம் என்று பொருள்படும் ‘மவ்சிம்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது.

அந்தக் காலத்துக் கப்பலோட்டிகளின் முதல் பாடம், எந்தத் துறைமுகத்திலிருந்து எந்த நாளில் புறப்படுவது என்பதுதான். ஏறத்தாழ நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்றில் இந்தியாவிலிருந்து அரபுக் கரைக்குப் போக வேண்டும். தென்மேற்குக் காற்று தொடங்கும்போதோ தணியும்போதோ திரும்ப வேண்டும். காற்று உச்சத்தில் இருக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் கடலில் இறங்கக் கூடாது. 15ஆம் நூற்றாண்டில் அரபுக் கடலோடி இப்னு மாஜித் எழுதிய நூல்களில் இந்தப் புறப்பாட்டு நாள்களின் கணக்கு விரிவாக இருக்கிறது.

பிறகு நீராவி வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபோது பாய்மரக் கப்பல்களுக்குப் பெரிய அடி விழுந்தது. குறுகலான கால்வாயிலும் எதிர்க்காற்று வீசும் செங்கடலிலும் அவற்றால் நீராவிக் கப்பலுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 1906இல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, அவர் தேடியதும் நீராவிக் கப்பல்களைத்தான். அந்தக் கம்பெனியில் பெருந்தொகைக்குப் பங்கு வாங்கியவர்களில் ஹாஜி முகமது பக்கீர் சேட் முக்கியமானவர் என்பது நாம் அறிந்த வரலாறு.

ஆக, காற்று தோற்றது பலம் இல்லாததால் அல்ல. சொன்ன நாளில் சரக்கைச் சேர்க்கும் உறுதியை அதனால் தர முடியவில்லை. இன்றைய புதிய முயற்சிகள் இந்தக் குறையை மனதில் வைத்தே உருவானவை. எஞ்சின் அப்படியே இருக்கும். காற்று வீசும்போது அது எஞ்சினுக்குக் கை கொடுக்கும். காற்று நின்றால் எஞ்சின் முழுச் சுமையையும் ஏற்கும். கப்பல் நேரம் தவறாது.

புதிய பாய்கள் எப்படி இருக்கும்?

துணிப் பாயைக் கற்பனை செய்ய வேண்டாம். இப்போது பயன்படுபவை நான்கு வகை.

முதலாவது, சுழலும் தூண். தளத்தில் பெரிய ஆலைப் புகைபோக்கி போல நிற்கும். மோட்டார் அதைச் சுழற்றும். சுழலும் உருளையின் மீது காற்று பக்கவாட்டில் அடித்தால், ஒரு பக்கம் காற்றோட்டம் வேகமாகி அழுத்தம் குறையும், மறுபக்கம் அழுத்தம் கூடும். அதனால் தூண் ஒரு பக்கமாக இழுக்கப்படும். கிரிக்கெட்டில் சுழல் பந்து காற்றிலேயே திசை திரும்புவதும் இதே விதியால்தான். ஜெர்மன் பொறியாளர் ஆன்டன் ஃபிளெட்னர் 1920களிலேயே இப்படி ஒரு கப்பலைக் கட்டினார். அது 1926இல் அட்லாண்டிக்கைக் கடந்தது. அன்று எரிபொருள் மலிவாக இருந்ததால் அந்த யோசனை மூலையில் கிடந்தது.

இரண்டாவது, இறக்கைப் பாய். விமான இறக்கையை நிமிர்த்தி நட்டு வைத்தது போல இருக்கும். மூன்றாவது, உறிஞ்சு பாய். தடித்த இறக்கைக்குள் மின்விசிறி வைத்துக் காற்றை உள்ளிழுத்து, சிறிய உருவத்திலேயே கூடுதல் இழுவிசையை உண்டாக்குவது. நான்காவது, கப்பலின் முன்னே உயரத்தில் பறந்து அதை இழுக்கும் ராட்சதப் பட்டம்.

எவ்வளவு மிச்சமானது?

விளம்பரத்தில் சொல்வதை விட்டுவிட்டு, கடலில் ஓடிய கப்பல்களின் கணக்கைப் பார்ப்போம்.

‘மேர்ஸ்க் பெலிக்கன்’ என்ற எண்ணெய் டேங்கரில் 2018இல் 30 மீட்டர் உயரமுள்ள இரண்டு சுழலும் தூண்கள் பொருத்தப்பட்டன. ஓராண்டுச் சோதனையில் எரிபொருள் 8.2 சதவீதம் மிச்சமானது.

‘பிக்ஸிஸ் ஓஷன்’ என்ற சரக்குக் கப்பலில் 37.5 மீட்டர் உயரத்தில் இரண்டு இறக்கைப் பாய்கள் வைத்தார்கள். கார்கில் நிறுவனம் வாடகைக்கு எடுத்து ஓட்டிய இந்தக் கப்பல் 2023 ஆகஸ்டில் சீனாவிலிருந்து பிரேசிலுக்குப் புறப்பட்டது. ஆறு மாத ஓட்டத்துக்குப் பின் வெளியான கணக்கின்படி, சராசரியாக நாளொன்றுக்கு 3 டன் எரிபொருள் மிச்சம். காற்று மிகச் சாதகமாக இருந்த நாள்களில் அது 11 டன் வரை போனது.

ஜப்பானின் ‘ஷோஃபு மாரு’ 2022 அக்டோபரில் ஓடத் தொடங்கிய நிலக்கரிக் கப்பல். அதில் விரித்து மடக்கும் ஒரே ஒரு கெட்டிப் பாய். சில நாள்களில் 17 சதவீதம் வரை மிச்சம் கிடைத்தது. ஆனால் முழுப் பயணத்தின் சராசரி 5 முதல் 8 சதவீதம்தான்.

இந்த எண்களிலிருந்து ஒன்று தெளிவாகிறது. நல்ல நாளின் கணக்கு வேறு, பயணச் சராசரி வேறு. யாராவது 30 சதவீதம், 50 சதவீதம் என்று சொன்னால், எத்தனை பாய், எந்தப் பாதை, எத்தனை மாதச் சராசரி என்று கேட்க வேண்டும். இருக்கும் கப்பலில் ஒன்றிரண்டு பாய்களைச் சேர்த்தால் 5 முதல் 15 சதவீதம் என்பது நம்பத்தக்க எதிர்பார்ப்பு. காற்றையே முதன்மையாக வைத்து ஓடும் கப்பல்களும் வந்துவிட்டன. பிரான்ஸின் ‘அனெமோஸ்’ 2024 முதல் அட்லாண்டிக்கைக் கடக்கிறது. ஆனால் அது ஏற்றுவது சுமார் 1,000 டன். பெரிய மொத்தச் சரக்குக் கப்பல் ஒன்று இதைப் போல 80 மடங்கு, 100 மடங்கு ஏற்றும்.

முட்டைக் கப்பலில் ஏன் பாய் இல்லை?

மேலே சொன்ன மூன்று எடுத்துக்காட்டுகளும் டேங்கர் அல்லது மொத்தச் சரக்குக் கப்பல்கள். நிலக்கரி, தானியம், தாது போன்றவற்றைப் பெட்டியிலோ மூட்டையிலோ அடைக்காமல் அப்படியே கொட்டி ஏற்றும் கப்பல்கள் அவை. அவற்றின் மேல்தளத்தில் பாய் நட இடம் இருக்கும். முட்டை போவது கண்டெய்னர் கப்பலில். அங்கே தளம் முழுக்கப் பெட்டிகள் மாடி மாடியாக அடுக்கியிருக்கும். பாய் வைத்தால் பெட்டிக்கு இடம் குறையும். துறைமுகக் கிரேனும் அதில் இடிக்கும்.

இரண்டாவது காரணம் வேகம். காற்றே இல்லாத நாளில் பைக்கை 60இல் ஓட்டிப் பாருங்கள். முகத்தில் காற்று அறையும். அது நம் வேகம் உண்டாக்கும் எதிர்க்காற்று. கப்பலுக்கும் அப்படித்தான். பக்கத்திலிருந்து வீசும் காற்றுகூட, கப்பல் வேகமாகப் போகப் போக முன்பக்கத்திலிருந்து வருவது போல ஆகிவிடும். முன்னாலிருந்து வரும் காற்றில் பாயால் பயனில்லை. மணிக்கு 24 கிலோமீட்டரில் போகும் நிலக்கரிக் கப்பலுக்குக் கிடைக்கும் உதவி, 33 கிலோமீட்டருக்கு மேல் போகும் கண்டெய்னர் கப்பலுக்குக் கிடைக்காது.

மூன்றாவது, குளிரூட்டும் கண்டெய்னர்கள் வழிநெடுக மின்சாரம் இழுப்பவை. அந்த மின்சாரத்தைக் கப்பலின் ஜெனரேட்டர்தான் தர வேண்டும். பாய் கப்பலை முன்னே இழுக்கும், முட்டையைக் குளிர வைக்காது.

இதற்கு நடுவில் நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. கொச்சியிலிருந்து ஓமன் முனைக்குக் கோடு போட்டுப் பாருங்கள். அது வடமேற்காகப் போகும். அரபிக்கடலின் இரண்டு பருவக்காற்றுகளில் ஒன்று தென்மேற்கிலிருந்தும் மற்றது வடகிழக்கிலிருந்தும் வீசுகின்றன. இரண்டுமே இந்தப் பாதைக்குக் குறுக்கே வருபவை. சுழலும் தூணுக்கும் இறக்கைப் பாய்க்கும் பக்கவாட்டுக் காற்றே மிகவும் உகந்தது. போகும்போதும் வரும்போதும் அது பயன்படும். பழைய பாய்மரக் கப்பல்கள் ஒதுங்கிக் கிடந்த ஜூன், ஜூலை மாதங்களில்தான் காற்றின் பலமும் அதிகம். பெரிய எஃகுக் கப்பல்கள் அப்போதும் ஓடுகின்றன. ஆகவே மிதமான வேகத்தில் ஓடும் சிறிய சரக்குக் கப்பல்களுக்கு இந்தப் பாதை ஒருநாள் ஏற்றதாகலாம். ஆனால் அந்த மாதங்களின் பேரலை எஞ்சினுக்குக் கூடுதல் வேலை வைக்கும் என்பதையும் கணக்கில் கழிக்க வேண்டும்.

சேலத்துக்கு வரும் சரக்கு

முட்டையைத் தாண்டிப் பார்த்தால் நம் சமவெளிக்குக் கடலோடு இன்னொரு தொடர்பு உண்டு. மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கான நிலக்கரியில் ஒரு பகுதி, ஒடிசாவிலிருந்து கப்பலில் சென்னைப் பகுதித் துறைமுகங்களுக்கு வந்து, பிறகு ரயில் ஏறுகிறது. தமிழக மின் நிலையங்களுக்கு இப்படிக் கடல் வழியே நிலக்கரி கொண்டுவரவே 1974இல் பூம்புகார் கப்பல் கழகம் தொடங்கப்பட்டது. மேச்சேரி அருகே பொட்டனேரியில் உள்ள எஃகு ஆலை போன்ற இடங்களின் ஊதுலைகளுக்குக் கோக் தேவை. அதற்கான நிலக்கரியில் பெரும்பகுதியை இந்தியா ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதி செய்கிறது.

இவையெல்லாம் மெதுவாக ஓடும், தளத்தில் இடமுள்ள கப்பல்கள். பாய் முதலில் பலன் தரப் போவது இங்கேதான். இரும்புத் தாதுவுக்கு இது ஏற்கெனவே நடக்கிறது. பிரேசிலிலிருந்து தாது சுமக்கும் 3 லட்சத்து 25 ஆயிரம் டன் கப்பலான ‘சீ சௌஷான்’, 2021 முதல் ஐந்து சுழலும் தூண்களோடு ஓடுகிறது. துறைமுகத்தில் கிரேனுக்கு இடைஞ்சல் இல்லாமல் அந்தத் தூண்களைச் சாய்த்துப் படுக்க வைக்கலாம்.

லாரி ஓட்டுநருக்குத் தெரிந்த இரகசியம்

பாயை விடவும் அதிகம் மிச்சப்படுத்தும் ஒரு வழி உண்டு. நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர்களுக்கு அது நன்றாகத் தெரியும். வண்டியை மிதமாக ஓட்டினால் டீசல் நிற்கும். கப்பலில் இது இன்னும் கூர்மையாக வேலை செய்கிறது. கப்பலுக்குத் தேவைப்படும் ஆற்றல், ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் எஞ்சின் கொடுக்க வேண்டிய ஆற்றல் சுமார் 27 சதவீதம் குறையும். பயணம் சற்று நீள்வதைக் கழித்தாலும், அதே தூரத்துக்கு எரிபொருள் 19 சதவீதம் அளவுக்கு மிச்சம். ஒரு ரூபாய் முதலீடும் இல்லை.

காற்று இங்கே இன்னொரு வகையில் உதவும். மெதுவாகப் போகும் கப்பலுக்குப் பாய் நன்றாகப் பிடிக்கும். வேகக் குறைப்பும் பாயும் சேர்ந்தால் பலன் கூடும். இதோடு, அடுத்த பத்து நாள் காற்றைக் கணித்துப் பாதையைச் சற்று வளைத்துப் போகும் மென்பொருளும் இப்போது இருக்கிறது. இப்னு மாஜித்தின் புறப்பாட்டுக் கணக்கு, செயற்கைக்கோள் தரவோடு கணினிக்குள் வந்திருக்கிறது என்று சொல்லலாம்.

கையில் எவ்வளவு நிற்கும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முட்டை ஒன்றுக்குக் கப்பல் வாடகை 40 காசு என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி எரிபொருள் செலவு என்றும் வைப்போம். காற்றால் எரிபொருள் 10 சதவீதம் குறைந்தால், முட்டைக்கு மிச்சம் 2 காசு. அற்பமாகத் தோன்றலாம். 1 கோடி முட்டைக்கு அது 2 லட்சம் ரூபாய். ஆனால் பாயின் விலையும் பராமரிப்பும் இதிலிருந்தே போக வேண்டும். மீதியைக் கப்பல் நிறுவனம் வாடகையில் குறைக்குமா என்பது போட்டியைப் பொறுத்தது. 2023 இறுதியில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கியபோது கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின, வாடகை பல மடங்கு ஏறியது. அப்படிப்பட்ட ஓர் அரசியல் நெருக்கடி, காற்று தரும் பல ஆண்டு மிச்சத்தைச் சில வாரங்களில் விழுங்கிவிடும்.

எனவே, நாளைக்கே முட்டை வாடகை குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காற்றால் நவீனக் கப்பல் சிக்கனமாகும் என்பது உண்மை. மெதுவான, கனமான சரக்குகளில் அது முதலில் நடக்கும். கண்டெய்னருக்கு வரத் தாமதமாகும். புகைக்குக் கட்டணம் வரும்போது, காற்றைப் பயன்படுத்தும் கப்பல்களுக்கு அந்தச் சுமை குறைவாக இருக்கும் என்பதே நமக்கான நன்மை.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வாய்ப்பும் தெரிகிறது. இறக்கைப் பாய்கள் செய்யப்படுவது கண்ணாடி இழையும் பிசினும் கலந்த கலப்புப் பொருளால். காற்றாலையின் இறக்கையும் அதே பொருள்தான். காற்றாலைத் தொழிலில் தமிழகத்துக்குப் பல பத்தாண்டு அனுபவம் இருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் காற்றாலை இறக்கைகள் ஏற்றுமதியும் ஆகின்றன. சேலம், நாமக்கல் கல்லூரிகளில் இயந்திரவியல், மின்னணுவியல் படிக்கும் மாணவர்கள் கப்பல் துறையைத் தங்களுக்குத் தொலைவானதாக நினைக்கத் தேவையில்லை. கலப்புப் பொருள், கட்டுப்பாட்டுக் கருவிகள், காற்றுக் கணிப்பு மென்பொருள் ஆகிய மூன்றும் கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல.

காற்றையும் அதில் ஓடும் கப்பல்களையும் இறைவனின் அத்தாட்சிகளாகத் திருக்குர்ஆன் பல இடங்களில் நினைவூட்டுகிறது. அந்தக் காற்றை நம் முன்னோர் கவனித்தார்கள், கணக்கிட்டார்கள், அதைக் கொண்டு வணிகம் செய்தார்கள். அதே வேலையை இன்று வேறு நாட்டினர் புதிய கருவிகளோடு தொடங்கியிருக்கிறார்கள். நாமும் கற்றுக்கொண்டு அதில் இறங்கினால், முட்டைக்கு மிச்சமாகும் 2 காசை விடப் பெரிய பயன் நமக்குக் கிடைக்கும்.